வீடியோ கேம் சந்தைச் சரிவு (1983)

வட அமெரிக்காவில் 1983 முதல் 1985 வரை வீட்டு வீடியோ கேம் தொழில் கண்ட பெருவீழ்ச்சி. ஜப்பானில் ‘அட்டாரி அதிர்ச்சி’ எனப்படுகிறது. ஆண்டு விற்பனை ஏறத்தாழ 320 கோடி டாலரிலிருந்து 10 கோடி டாலராகச் சுருங்கியது.

அட்டாரி 2600 (1977), மேட்டலின் இன்டெலிவிஷன், கொலிகோவிஷன் ஆகிய கன்சோல்களின் போட்டி ஒருபுறம் இருக்க, அட்டாரியிலிருந்து விலகியோர் 1979இல் தொடங்கிய ஆக்டிவிஷனைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் கட்டுப்பாடின்றிக் கேம்களை வெளியிட்டன. தரமற்ற கார்ட்ரிட்ஜ்கள் கடைகளில் தேங்கின. ‘இ.டி.’ (1982) கேமே சரிவுக்குக் காரணம் என்பது மிகைக்கூற்று. அது ஓர் அறிகுறி மட்டுமே. அதன் பிரதிகள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் புதைக்கப்பட்டது 2014 அகழ்வில் உறுதியானது.

வீட்டுக் கணினிகளின் விலைப்போர் மற்றொரு முதன்மைக் காரணம். 1982இல் 595 டாலருக்கு அறிமுகமான கொமடோர் 64, சில்லுகளைத் துணை நிறுவனமான மாஸ் டெக்னாலஜியே தயாரித்ததால், அடுத்த ஆண்டே சுமார் 200 டாலருக்கு இறங்கியது. பழைய கன்சோலை ஒப்படைப்போருக்கு 100 டாலர் தள்ளுபடியும் கிடைத்தது. கேமுடன் நிரலெழுதவும் உதவும் கருவி கன்சோல் விலைக்கே கிடைத்ததால் வாங்குவோர் கணினிப் பக்கம் சாய்ந்தனர். கணினித் தயாரிப்பாளர்களும் தப்பவில்லை: டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983 அக்டோபரில் வீட்டுக் கணினித் தொழிலைக் கைவிட்டது.

வார்னர் நிறுவனம் 1984இல் அட்டாரியின் வீட்டுக் கருவிப் பிரிவை, கொமடோரை நிறுவி அதிலிருந்து விலகியிருந்த ஜாக் டிரமீலுக்கே விற்றது. 1985இல் அமெரிக்காவில் நுழைந்த நின்டெண்டோ, அனுமதியற்ற கார்ட்ரிட்ஜ்களைத் தடுக்கும் பூட்டுச் சில்லைக் கன்சோலில் பொருத்தியது.