கரியடுப்பின் கால்

நெருப்பு பட்ட இடமெல்லாம் அந்த அடுப்பில் கெடாமல் இருந்தது. நெருப்பின் வாடையே படாத கால்கள்தான் இற்றுப் போயிருந்தன.

சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில், கராஜ் சேலில் 25 டாலருக்குக் கிடைத்த பழைய கரி கிரில் அது. உருண்டைச் சட்டி, அதைக் கவிழ்த்தது போன்ற மூடி, இரண்டையும் தாங்க இரும்புக் குழாயில் சக்கரம் வைத்த ஒரு வண்டி, பக்கத்தில் தட்டு வைக்கப் பலகை. மூடியின் கறுப்புப் பீங்கான் பூச்சைத் துடைத்தால் முகம் பார்க்கலாம். ஆனால் வண்டியைப் பிடித்து நகர்த்தினால் வலது பின்கால் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

இந்தச் சட்டியின் மூதாதை தண்ணீரில் மிதந்த பொருள். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்றொரு உலோகப் பட்டறை, படகுகளுக்கு வழி காட்டும் மிதவைகளையும் செய்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபனுக்கு 12 பிள்ளைகள், கொல்லையில் கறி சுடுவதில் தீராத ஆசை. அந்தக் காலத்து அடுப்போ மூடியில்லாத தட்டைத் தொட்டி. காற்றடித்தால் சாம்பல் கறிமேல் வந்து உட்காரும். தூறல் விழுந்தால் தணல் அவியும். கொழுப்பு சொட்டினால் தீ எழும்பி எல்லாவற்றையும் கருக்கிவிடும். 1952இல் அவர் மிதவையை இரண்டாக்கினார். கீழ்ப்பாதி சட்டி, மேல்பாதி மூடி, அடியில் மூன்று கால். முதல் தடவை மூடியதும் தீ அணைந்துவிட்டது, பிறகுதான் காற்றுத்துளை போட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சூத்திரம் அந்தத் துளையில்தான் இருக்கிறது. கீழே எவ்வளவு காற்று நுழைகிறது, மேலே எவ்வளவு வெளியேறுகிறது என்பதைத் திருகித் திருகியே கரியின் சூட்டை ஏற்றி இறக்கலாம். பார்த்தவர்கள் அதற்குச் செயற்கைக்கோளின் பெயரால் ஸ்புட்னிக் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த வடிவத்தைப் பின்னால் பலரும் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் வந்தது அப்படி வேறு யாரோ செய்தது.

சட்டி கெடாததற்குக் காரணம் அதன் தோல். வட்டமாக வெட்டிய எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திக் குழிவாக்கி, கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் சுடுகிறார்கள். தூள் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. நம் வீடுகளில் ஒரு காலத்தில் புழங்கிய எனாமல் தட்டும் குவளையும் இதே வித்தைதான். கீழே போட்டுச் சில்லு தெறிக்காதவரை தண்ணீருக்கும் காற்றுக்கும் இரும்பு கிடைக்காது. தணலும் சட்டியைத் தொடுவதில்லை, உள்ளே ஒரு கம்பி வலைமேல்தான் கிடக்கிறது.

வண்டிக்கு இந்த உபசாரம் எதுவும் இல்லை. மெல்லிய சதுரக் குழாயை வளைத்து, துளை போட்டு, வெளிப்பக்கம் மட்டும் பவுடர் பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். குழாயின் உட்புறம் வெறும் இரும்பு. போல்ட் போகும் துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்றும் வியர்க்கும். காலின் அடியில் பிளாஸ்டிக் மூடி செருகியிருப்பதால் இறங்கிய தண்ணீர் போக வழி கிடையாது. ஆக, துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் என்பதால் பெயிண்டைக் கொப்பளமாகத் தூக்குகிறது. நம் கண்ணுக்குக் கொப்பளம் தெரியும்போது குழாயின் சுவர் காகிதம்தான்.

விற்ற அம்மாள் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னார். இதைப் பனியில் விட்டதே இல்லையாம், வருஷம் முழுக்கக் கராஜுக்குள்ளேயே வைத்திருந்தார்களாம். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தபோது புரிந்தது, அந்தக் கரிசனம்தான் அதைக் கொன்றிருக்கிறது. நான்கு கால்களிலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு வெளுத்துப்போன ஒரு கோடு. உப்பு. சிகாகோ குளிர்காலத்தில் தெருவில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்ட உப்புப் பனியோடு கார் கராஜுக்குள் வரும். உள்ளே உருகிச் சொட்டிக் குளமாகும், காயும், மறுநாள் மறுபடி சொட்டும். அந்தக் குளத்தில்தான் அடுப்பு நின்றிருக்கிறது. வலது பின்கால் கார்ச்சக்கரத்தின் பக்கம் இருந்திருக்க வேண்டும். வெளியே மழையில் நனைந்து வெயிலில் காய்ந்திருந்தால் இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும்.

காருக்கும் இந்த அடுப்புக்கும் பழைய உறவு உண்டு. ஹென்றி ஃபோர்டின் மாடல்-டி காரில் மரவேலை நிறைய. மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, அயர்ன் மவுண்டன் பக்கத்தில் அவருக்குச் சொந்தமாகக் காடும் மரப்பட்டறையும் இருந்தன. அங்கே மலையாகக் குவிந்த மரக்கழிவைச் சும்மா விட மனசில்லாமல், 1920களில் அதைக் கரியாக்கி, பொடித்து, ஸ்டார்ச் சேர்த்துக் கட்டியாக அழுத்தி, தன் கார் விற்பனைக் கடைகளிலேயே விற்றார். அந்தக் காடுகளை வாங்கிக் கொடுக்க உதவிய உறவினர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயர்தான் இன்றும் அமெரிக்கக் கடைகளில் கரி மூட்டைமேல் இருக்கிறது. கரியைக் கொடுத்ததும் கார் தொழில், காலைத் தின்றதும் கார்.

சாம்பலுக்கும் குற்றத்தில் பங்கு உண்டு. சட்டிக்கு அடியில் தொங்கும் சாம்பல் தட்டைக் கடைசி விருந்துக்குப் பிறகு யாரும் காலி செய்யவில்லை. சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சேறாகி, அதன் உப்புகளோடு வண்டியின் கீழ்க் கம்பித் தட்டில் சொட்டியிருக்கிறது. சொட்டிய இடங்களில் கம்பி பாதியாக மெலிந்திருந்தது.

முதலில் போல்ட்டுகள். எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டி, அடங்காததை கேஸ் டார்ச்சால் சூடேற்றித் திருகினால் சில கழன்றன. மற்றவை தலை முறிந்து, டிரில் போட்டுத்தான் வெளியே வந்தன. பிறகு கூரான ஸ்க்ரூடிரைவரால் குழாயை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு ‘டங்’ என்று எதிர்க்கும், இற்றது ‘சொத்’தென்று உள்ளே வாங்கும். உள்ளே வாங்கிய இடத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. நல்ல இரும்புக்குள் இரண்டு விரல் தள்ளிக் கோடு போட்டு ஹாக்ஸாவால் அறுத்தேன். அறுத்த துண்டைத் தலைகீழாகத் தட்டினால் செம்பழுப்புச் செதில் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது.

கோயம்புத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

“புதுசா வைக்கிற குழாய் என்ன, ஜிஐயா?”

“ஆமாங்க சித்தப்பா. அதுதான் துருப்பிடிக்காதுன்னு வாங்கினேன்.”

“அதை வெல்டிங் வைக்காத கண்ணு. துத்தநாகம் புகையும். உள்ள இழுத்தா ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து நடுங்குவ. சாதா இரும்புக் குழாயே வாங்கு, பெயிண்டை ஒழுங்கா அடி.”

சித்தப்பா சொன்னது சரி. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், வெல்டிங் சூடோ அதைவிட எத்தனையோ மேலே. அந்தப் புகையால் வரும் காய்ச்சலை வெல்டிங்காரர்கள் எந்த நாட்டிலும் அறிவார்கள், பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும். துத்தநாகம் பூசிய அந்த ஜிஐ குழாயைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓர் அங்குல சாதா சதுரக் குழாய் வாங்கினேன். மூட்டில் உள்ளே செருக முக்கால் அங்குலக் குழாயில் ஒரு சாண் துண்டு. பாதி பழைய காலுக்குள், பாதி புதுக் காலுக்குள். அது கொஞ்சம் லொடலொடக்கும் என்பதால் வெளிக்குழாயில் துளை போட்டு, துளை வழியாகவே உள்துண்டோடு சேர்த்துப் பற்றவைத்து, மூட்டைச் சுற்றியும் ஓட்டினால் ஆடாது. வெல்டிங் மெஷின் இல்லாதவர்கள் குறுக்கே இரண்டு போல்ட் போட்டு இறுக்கலாம், இந்தப் பாரத்துக்கு அதுவே போதும்.

மீதி வண்டியைக் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்தேன். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், கம்பி ஊசிகள் தெறிக்கும். பிரஷ் எட்டாத மூலைகளுக்கு டானிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவ வேண்டும். பழுப்பு கண்ணெதிரே நீலக்கறுப்பாக மாறும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் ஊரில் எழுதும் மை காய்ச்சினார்களே, அந்த வினைதான். கடுக்காயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக் கறுப்பாகிறது. உதிரும் துரு அதன்மேல் பெயிண்ட் நிற்கும் அளவுக்கு இறுகுகிறது. இற்றுப்போன குழாயை அது ஒருநாளும் இரும்பாக்காது. டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

பிறகு ரெட் ஆக்சைடு ஒரு கை, கறுப்பு எனாமல் இரண்டு கை. சட்டியைத் தாங்கும் கொக்கிகளுக்கு மட்டும் சூடு தாங்கும் பெயிண்ட், வெறும் இரும்பின் மேலேயே. சாதா பிரைமர் அங்கே கருகி மேற்பூச்சையும் உரித்துவிடும். குழாய்க்குள்ளும் பிரைமரை ஊற்றிச் சுழற்றி வடித்தேன். காலடியில் பிளாஸ்டிக் மூடியைத் திரும்பச் செருகவில்லை, தண்ணீர் இறங்க வழி விட்டு நான்கு ரப்பர் குமிழ் வைத்தேன். பெயிண்ட் ஒழுகியிருக்கிறது, பக்கப் பலகை சற்றுச் சாய்வு. அழகுக்கு மார்க் குறையும். சட்டி நிறையத் தணலோடு இழுத்தாலும் ஆடவில்லை, அதுதான் வேண்டியது.

பழைய கரி கிரில் வாங்கப் போகிறவர்கள் மூடியைத் திறந்து சட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். வண்டியைக் கவிழ்த்துக் காலடியைக் குத்துங்கள். கால் இற்றிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம், அறுத்து ஒட்டினால் பல வருஷம் உழைக்கும். சட்டி உட்காரும் வளையமோ கொக்கியோ இற்றிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். அது முறியும்போது தணல் கொட்டுவது பக்கத்தில் விளையாடும் குழந்தைகள் மேல்.