வாட்ச் கடையில் பிறந்த ரீல்

எங்க ஊர் மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில் பக்கம். எங்க ஊருக்கும் கடலுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. கிழக்க தூத்துக்குடி, திருச்செந்தூர்னு பஸ் ஏறிப் போனாத்தான் உப்புக்காத்து முகத்துல படும். எங்களுக்குத் தெரிஞ்ச மீன்பிடி எல்லாம் குளத்து மீன்பிடிதான். ஐப்பசி, கார்த்திகையில மழை பெய்ஞ்சு குளம் பெருகிட்டா ஒரு மூங்கில் கம்பு, ரெண்டு பாகம் நரம்பு, ஒரு முள்ளு, தக்கைக்கு மயிலிறகுத் தண்டு, கொட்டாங்குச்சி நிறைய மண்புழு. கெளுத்தி, ஜிலேபி கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தா விரால்.

அப்படி வளர்ந்தவன் இஞ்சினியரிங் படிச்சு, சென்னையில கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழறப்ப, சும்மா இருந்த சங்கை ஊதின கதையா ஒருநாள் ராத்திரி கடல் தூண்டில் வீடியோ பார்த்துத் தொலைச்சேன். மறுநாளே ஒரு பெய்ட்காஸ்டிங் ரீல் ஆர்டர் பண்ணியாச்சு. தெரியாதவங்களுக்கு: தூண்டில் கம்புக்கு மேல உக்காந்திருக்குமே, சின்ன உருளை, கிணத்து ராட்டினம் மாதிரி சுழலும், கட்டை விரலால அமுக்கிக்கிட்டே வீசணும், அதுதான். பார்க்க கெத்தா இருந்துச்சு. விலையும் கம்மி. வேற எதையும் யோசிக்கல.

மணப்பாடு பக்கத்து நண்பன் ஒருத்தன் அவங்க சித்தப்பாவோட வள்ளத்துல கூட்டிட்டுப் போனான். முதல் நாள் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. வீட்டுக்கு வந்து, உப்பு போகணுமேன்னு குழாயை வேகமா திறந்து ரீல் மேல பீய்ச்சி அடிச்சிட்டு பைக்குள்ள போட்டு வச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போனோம். ஒரு பாறை கடிச்சது. நல்ல சைஸ். இழுத்துக்கிட்டு ஓடுது, நரம்பு ஒரு இஞ்ச் கூட வெளியே போகமாட்டேங்குது. ரீல் உறைஞ்சு போய் நிக்குது. படீர்னு ஒரு சத்தம். நரம்பு அறுந்து கைப்பிடி மட்டும்தான் கையில. பக்கத்துல சித்தப்பா வெறும் கையில நரம்பைப் பிடிச்சு, விட்டு விட்டு இழுத்து, அதே மாதிரி ஒரு பாறையை வள்ளத்துக்குள்ள ஏத்திட்டாரு. என்னைப் பார்த்து ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக்கூட பரவாயில்ல :-)

ஊருக்கு வந்தப்ப அந்த ரீலை மாமாகிட்ட கொண்டு போனேன். அம்மாவோட தம்பி. சங்கரன்கோவில்ல சின்னதா ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கடைன்னா ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும்தான். கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு, நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, பக்கத்து மூடியைத் திறந்தாரு.

"ஏல மருமவனே, மீன் பிடிக்கிற சாமான்னு சொன்ன? இது கடிகாரம்லா இருக்கு!"

அந்த வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். மாமா விளையாட்டாச் சொன்னது சரித்திரப்படியே நிஜம்னு அப்புறம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது.

தூண்டில்ல உருளை மாட்டுற யோசனை ரொம்பப் பழசு. சீனாவின் தென் சோங் காலத்து ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைஞ்சதா சொல்ற ஒரு படத்துல, குளிர்கால ஏரியில தன்னந்தனியா ஒரு படகு, ஒரு மனுஷன், அவர் கையில ரீல் வச்ச தூண்டில். இன்னிக்கு அந்தப் படம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு. பிறகு இங்கிலாந்துல 18-ஆம் நூற்றாண்டிலேயே பல்சக்கரம் வச்ச ரீல்கள் வித்தாங்க. ஆனா அதெல்லாம் நரம்பைச் சுத்தி வைக்கத்தான். ரீல்ல இருந்தே இரையை வீசி எறியலாம்னு, அதுக்காகவே ஒண்ணைச் செஞ்சவர் ஜார்ஜ் ஸ்னைடர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துல பாரிஸ்னு ஒரு சின்ன ஊர். 1810-க்கும் 1820-க்கும் நடுவுல அங்க வேலை பார்த்தார். என்ன வேலைன்னு கேக்குறீங்களா? கடிகாரம் ரிப்பேர்!

யோசிச்சுப் பார்த்தா இதுல ஆச்சரியமே இல்ல. கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா உருளை நாலு சுத்து சுத்தணும். வீசும்போது அதே உருளை தடையே இல்லாம பறக்கணும். அந்தக் காலத்துல அவ்வளவு நுணுக்கமா பல்சக்கரம் வெட்டத் தெரிஞ்ச ஆளு ஊருக்கு ஒருத்தர்தான் இருப்பார், அவர் வாட்ச்காரர். அடுத்து 1830-களில் அதே கென்டக்கியில பிராங்க்ஃபோர்ட் நகரத்து மீக் சகோதரர்கள் வந்தாங்க. அவங்களும் கடிகாரத் தொழில்காரங்கதான். மீக் பேர்ல வந்த சில உசத்தி ரீல்கள்ல, கடிகாரத்துக்குள்ள வைக்கிற மாதிரி அச்சுமுனைக்குக் கல்லே பதிச்சிருந்தாங்க. மாமாகிட்ட இதைச் சொன்னப்ப, "பின்ன, தேயாம இருக்கணும்லா?"ன்னு சாதாரணமா சொல்லிட்டாரு.

அதுக்கு அப்புறம் வந்த ஒவ்வொரு மாத்தமும் யாரோ ஒருத்தர் பட்ட அவஸ்தையில இருந்து வந்ததுதான். நரம்பு உருளையோட ஒரே பக்கம் மலை மாதிரி குவிஞ்சு சிக்கிக்குது. 1890-களின் கடைசியில மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் வில்லியம் ஷேக்ஸ்பியர் (நாடகம் எழுதினவர் இல்லைங்க!) நரம்பை இடமும் வலமும் தானே பரப்புற 'லெவல் வைண்ட்' அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்.

கடல்ல பிரச்சினை வேற மாதிரி. 1898-ல கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவுல சார்லஸ் ஹோல்டர் 183 பவுண்டு சூரை மீனைத் தூண்டில்ல பிடிச்சு, பெரிய மீன் பிடிக்கிறவங்களுக்காக டூனா கிளப் ஆரம்பிச்சார். அன்னிக்கு ரீல்ல பிரேக் கிடையாது. மீன் ஓடினா கைப்பிடியும் தலைதெறிக்க பின்னாடி சுழலும், விரல் முட்டி பேந்துடும். ஒரு தோல் பட்டையை உருளை மேல கட்டை விரலால அழுத்தித்தான் மீனை நிறுத்தணும். இதுக்கு விடிவு வந்தது 1913 வாக்கில். வில்லியம் போஷென் கொடுத்த யோசனைப்படி, ப்ரூக்ளின் நகர ஜூலியஸ் வாம் ஹோஃப் 'ஸ்டார் டிராக்' வச்ச ரீலைச் செஞ்சார். கைப்பிடிக்குக் கீழ நட்சத்திரம் மாதிரி ஒரு சக்கரம். அதைத் திருகினா உள்ள இருக்கிற தகடுகள் நெருக்கிப் பிடிக்கும், அளவுக்கு மேல மீன் இழுத்தா நழுவி நரம்பை விடும். கைப்பிடி அசையாது. மணப்பாட்டு சித்தப்பா வெறும் கையால "விட்டு விட்டு" இழுத்தாரே, அந்த 'விட்டு'தான் இது. என் ரீல்ல உறைஞ்சு போனதும் இதேதான்.

அடுத்த கட்டமும் ஒரு வாட்ச் ஃபேக்டரிதான்! ஸ்வீடன்ல ஸ்வாங்ஸ்டான்னு ஒரு ஊர். அங்க 1921-ல 'ஏபி ஊர்ஃபப்ரிக்கன்' ஆரம்பிச்சாங்க. ஸ்வீடிஷ்ல 'ஊர்'னா கடிகாரம், அதாவது கடிகார ஃபேக்டரி. பாக்கெட் வாட்ச் செஞ்சாங்க, டாக்ஸி மீட்டர் செஞ்சாங்க. இரண்டாம் உலகப் போர் வந்து டாக்ஸி மீட்டர் வியாபாரம் படுத்ததும், கையில இருந்த மெஷினையும் ஆளையும் வச்சு ரீல் செய்யத் திரும்பினாங்க. அதுதான் 'ஆபு' கம்பெனி. 1952-ல வந்த அவங்க அம்பாசடர் ரீல் உலகம் பூரா போச்சு. ஒரு பட்டனை அமுக்கினா கைப்பிடி தனியா கழண்டுக்கும், உருளை மட்டும் சுழலும். உள்ள குட்டிக் குட்டி பிரேக் கட்டைகள் சுழற்சி வேகத்துல வெளியே தள்ளப்பட்டு உரசி, உருளையை அடக்கும்.

இதைச் சொன்னப்ப மாமா கொஞ்ச நேரம் பேசல. அவர் தொழில் கத்துக்கிட்டதே எச்எம்டி வாட்ச்லதான். ஜப்பானின் சிட்டிசன் கூட்டுல 1961-ல பெங்களூர்ல ஆரம்பிச்ச எச்எம்டி வாட்ச் தொழிலை 2016-ல மூடிட்டாங்க. குவார்ட்ஸ் வந்து பாதி வேலை போச்சு, செல்ஃபோன் வந்து மீதியும் போச்சு. மாமாகிட்ட இப்ப வர்றவங்க பேட்டரி மாத்தவும் ஸ்ட்ராப் மாத்தவும் மட்டும்தான். "அவங்களுக்கு மாத்திக்கிட ஒரு சாமான் கிடைச்சிருக்கு பாரு"ன்னு மட்டும் சொன்னாரு.

சரி, எந்த ரீல் வாங்குறது? அதுக்கு முன்னாடி இன்னொரு ரீலையும் சொல்லியாகணும். ஸ்பின்னிங் ரீல். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட்ல கம்பளி மில் தொழில்ல இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-ல காப்புரிமை வாங்கினது. தறி பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். நாடாவுக்குள்ள இருக்கிற தார் சுழலாது, நூல் மட்டும் அதோட நுனி வழியா உருவிக்கிட்டு வரும். ஸ்பின்னிங் ரீலும் அதே தத்துவம்தான். உருளை நிக்கும், நரம்பு உருவும். அதனால வீசும்போது சிக்கு விழறது ரொம்பக் குறைவு. தறிச் சத்தம் கேக்குற சங்கரன்கோவில்ல உக்காந்து இதைப் படிச்சப்ப சிரிப்பு வந்துருச்சு. ஒரு ரீல் வாட்ச் கடையில பிறந்திருக்கு, இன்னொண்ணு மில்லுல. ரெண்டும் எங்க ஊர் கடைத்தெருவுலயே இருக்கு!

ஆக, கரையில நின்னு எதிர்காத்துல லேசான இரையை வீசப் போறீங்கன்னா மில்லுக்காரர் ரீலே போதும். வாட்ச்காரர் ரீல்ல காத்து இரையைத் தடுக்கும், உருளை நிக்காம ஓடும், குருவிக்கூடு மாதிரி சிக்கு விழும். புன்னைக்காயல் மாதிரி கழிமுகத்துல கொடுவாவுக்குக் குறி பார்த்து வீசணும், வள்ளத்துல இருந்து கனமான இரையைப் போட்டு இழுக்கணும்னா பெய்ட்காஸ்டிங் ரீல். நரம்பு நேரா உருளையில ஏறும், முறுக்காது, இழுவை பலம் ஜாஸ்தி.

கடலுக்கு அதை வாங்கறப்ப நான் இப்ப பார்க்கிறது இவ்வளவுதான்:

1. உப்பு. பெட்டியில 'உப்புத் தண்ணிக்கு'ன்னு போட்டிருக்கணும். எத்தனை பேரிங்னு எண்ணாதீங்க, துருப்பிடிக்காத, மூடி போட்ட பேரிங்கான்னு பாருங்க. அலுமினிய உடம்புல ஸ்டீல் ஸ்க்ரூ இருந்து நடுவுல உப்புத் தண்ணி புகுந்தா அலுமினியம் அரிச்சு ஸ்க்ரூ பிடிச்சுக்கும். மாமா என் ரீலைத் திரும்ப மூட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் துளி கிரீஸ் தொட்டு வச்சாரு.

2. டிராக். எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்கிறதை விட, வழவழன்னு நழுவுதான்னு பாருங்க. நரம்பு அறுகிற பலத்துல கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள வைக்கிறது வழக்கம். 30 பவுண்டு நரம்புன்னா மூணரையில இருந்து நாலரை கிலோ.

3. பல்சக்கரம். பித்தளை கனம், ஆனா உழைக்கும். இதுல மாமா கட்சிதான் நான்.

4. லெவல் வைண்ட். வெளியே தெரியற, எப்பவும் நனையற பாகம். உப்பு முதல்ல பிடிக்கிற இடங்கள்ல ஒண்ணு. 1936-ல வந்த பென் செனட்டர் மாதிரி பெருங்கடல் ரீல்கள்ல அதை வைக்காம விட்டதுக்கு அர்த்தம் இருக்கு. கொடுவா, சின்னப் பாறைக்கு அது இருக்கலாம், சுத்தம் பண்ணத் தெரிஞ்சிருக்கணும்.

5. நரம்பு கொள்ளளவு. குளத்து மீன் பத்தடி ஓடும். கடல் மீன் ஓடுறது வேற. 200 மீட்டராவது பிடிக்கணும்.

6. கழட்டி மாட்ட முடியுமா? இதுதான் முக்கியம்னு நினைக்கிறேன். பக்கத்து மூடியைத் திறக்க முடியணும், உதிரி பாகம் கிடைக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிட்டு, நல்ல தண்ணியை லேசா ஊத்திக் கழுவி, துடைச்சு, டிராக்கைத் தளர்த்தி நிழல்ல காய வைங்க. குழாயைப் பீய்ச்சி அடிச்சா மேல இருக்கிற உப்பு உள்ளதான் போகும். அதைத்தான் நான் பண்ணினேன்.

மாமா மூணு நாள் மண்ணெண்ணெயில ஊறப்போட்டுப் பார்த்தும் பழைய ரீல் பேரிங் தேறல. புதுசு ஒண்ணு வாங்கினேன். பெட்டியைப் பிரிச்சதும் மீன்கிட்ட கொண்டு போகல, முதல்ல மாமாகிட்டதான் கொண்டு போனேன். கழட்டி, ஒவ்வொரு பல்லையும் லென்ஸ்ல பார்த்து, "நல்லாத்தான் வெட்டிருக்கான்"னாரு. அவர் வாயில அது பெரிய பாராட்டு.

இந்தப் பொங்கலோட கடையைக் காலி பண்ணிட்டாரு. அந்த இடத்துல இப்ப செல்ஃபோன் கவர் தொங்குது. லென்ஸ், ட்வீசர், ஸ்க்ரூடிரைவர் டப்பா எல்லாம் வீட்டு ஜன்னல் ஓரம் ஒரு மேஜையில இருக்கு. மூணு மாசத்துக்கு ஒருதடவை நான் ரீலைக் கொண்டு போறேன். மணப்பாட்டு நண்பன் போன தடவை அவனோடதையும் கொடுத்து விட்டான். பொடிப் பொடியா கழட்டி ஒரு வெள்ளைத் துணியில வரிசையா அடுக்கிக்கிட்டே மாமா கேட்டாரு:

"ஏல, அந்தப் பக்கம் இன்னும் எத்தனை பேருகிட்ட இது இருக்கு?"

விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.