பிள்ளை யாருடையது? - அமெரிக்கப் பள்ளிக்கூடச் சண்டையின் கதை

1974-ம் வருடம் அக்டோபர் 30. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கனாவா கவுண்டியில் (கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம்மூர் மாவட்டம் மாதிரி) கல்வி வாரியக் கட்டடத்தில் டைனமைட் வெடித்தது. அதே சில வாரங்களில் ஆரம்பப் பள்ளிகள் மீதும் குண்டு வீசினார்கள். பள்ளிப் பேருந்துகளைத் துப்பாக்கியால் சுட்டார்கள். நிலத் தகராறா, தேர்தல் தகராறா என்றால் இரண்டும் இல்லை. எல்லாம் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பாடப்புத்தகங்களுக்காக!

"எங்கள் பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லுவோம்" என்பது அந்தப் பெற்றோரின் கோஷம். இன்றைக்கும் அமெரிக்கப் பழமைவாதிகள் அரசுப் பள்ளிகளைத் திட்டும்போது முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான், பெற்றோர் உரிமை. ஆனால் இந்த ஆயுதத்தை முதலில் செய்துகொண்டவர்கள் வேறு ஆட்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் கனாவா புரியும்.

அமெரிக்காவில் பப்ளிக் ஸ்கூல் என்றால் வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி. (இங்கிலாந்தில் அதே பெயருக்கு நேர் எதிரான அர்த்தம், அது தனிக்கதை.) பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் மாசசூசெட்ஸ், 1852-ல். கடைசியாக வந்து சேர்ந்தது மிசிசிப்பி, 1918-ல். எல்லோருக்கும் பொதுவான பள்ளி என்று பெயர்தான், வகுப்பில் வாசித்ததோ புராட்டஸ்டண்ட் பைபிள். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது பிடிக்கவில்லை. 1844-ல் பிலடெல்பியாவில் இந்தத் தகராறு கலவரமாகி, உயிர்கள் போயின, தேவாலயங்கள் எரிந்தன. அதற்குப் பிறகு கத்தோலிக்கர்கள் தங்கள் காசில் தனிப் பள்ளிகள் கட்டிக்கொண்டார்கள். அரசுப் பள்ளிக்கு வரியையும் கட்டினார்கள்.

முதல் உலகப் போர் வந்ததும் வெளியூரிலிருந்து குடியேறியவர்கள் மேல் சந்தேகம் அதிகமானது. 1919-ல் நெப்ராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்று மொழி எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் 10 வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 25 டாலர் அபராதம்! மேயர் கட்ட மறுத்து வழக்குப் போட, 1923-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

ஓரிகன் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1922 நவம்பரில் மக்களிடமே நேரடியாக ஓட்டெடுத்து ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். 8 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும், தனியார் பள்ளிக்குப் போகக் கூடாது. குறி கத்தோலிக்கப் பள்ளிகள் மேல்தான். இந்தச் சட்டத்துக்காக மும்முரமாக வேலை செய்தவர்களில் முக்கியமானவர்கள் கு க்ளக்ஸ் கிளான்! ஆமாம், வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு கறுப்பர்களைக் கொன்ற அதே கிளான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தால்தான் நல்ல அமெரிக்கர்களாக வளர்வார்கள் என்று அன்றைக்குச் சொன்னது அவர்கள். பெற்றோர் உரிமை பேசியது கன்னியாஸ்திரீகள்.

அந்தக் கன்னியாஸ்திரீகளின் சபையும் ஒரு ராணுவப் பயிற்சிப் பள்ளியும் வழக்குப் போட்டன. 1925-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஓரிகன் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. குழந்தை அரசாங்கம் உண்டாக்கிய பொருள் இல்லை, அதை வளர்த்து வழிகாட்டுகிறவர்களுக்கே அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் கடமையும் இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். எழுதிய நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் ஒன்றும் சிறுபான்மையினரின் நண்பர் இல்லை. கூட வேலை பார்த்த யூத நீதிபதியிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆனாலும் இந்தத் தீர்ப்பு பெரும்பான்மையின் கையிலிருந்து சிறுபான்மையைக் காப்பாற்றியது.

அந்தக் கேடயம் கை மாறியது எப்போது?

1954-ல் உச்ச நீதிமன்றம், கறுப்புப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளி செல்லாது என்று சொன்னது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்ன செய்தது தெரியுமா? 1959-ல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது, அதற்கு அரசுப் பணமும் போனது. கறுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஊரில் பள்ளியே இல்லை. 1964 வரை இந்தக் கூத்து! இடையில் 1955-ல், பொருளாதாரப் பாடத்தில் பணவீக்கத்தோடு சேர்ந்து வருகிற அதே மில்டன் ஃபிரீட்மன், அரசு பள்ளி நடத்தத் தேவையில்லை, பெற்றோர் கையில் வவுச்சரைக் கொடுத்தால் போதும், அவர்களே பள்ளியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள் என்று எழுதினார். வாடிக்கையாளருக்குப் பிடிக்காத கடை தானாக மூடிவிடும் என்கிற தர்க்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரின்ஸ் எட்வர்டில் சில வாடிக்கையாளர்களைக் கடைக்குள் விடவே இல்லையே. 1962, 1963 தீர்ப்புகளில் அரசுப் பள்ளிகள் நடத்தி வந்த ஜெபமும் பைபிள் வாசிப்பும் போயின. அதுவரை பொதுப் பள்ளியைத் தங்கள் பள்ளி என்று நினைத்திருந்த பழமைவாத புராட்டஸ்டண்டுகளுக்கு அது அந்நியமாகத் தெரிய ஆரம்பித்தது.

இப்போது கனாவா. இந்தக் கவுண்டியில் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒன்று மாநிலத் தலைநகரான சார்ல்ஸ்டன். அங்கே வக்கீல்கள், டாக்டர்கள், அதிகாரிகள். இன்னொன்று மலை இடுக்குகளில் இருக்கும் நிலக்கரிச் சுரங்கக் கிராமங்கள். அங்கே தொழிலாளர்களும் அவர்களின் சின்னச் சின்ன ஜெபக்கூடங்களும். கல்வி வாரியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பல இன மக்களின் வாழ்க்கையும் பாடங்களில் வர வேண்டும் என்று மாநிலம் சொல்லியிருந்தது. 1974-ல் ஆசிரியர்கள் அடங்கிய ஒரு குழு 325 புத்தகங்களைச் சிபாரிசு செய்தது. வாரிய உறுப்பினர்களில் ஒருவர் ஆலிஸ் மூர். ஒரு போதகரின் மனைவி. பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்று பிரச்சாரம் செய்து 1970-ல் ஜெயித்து வந்தவர். புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தார். மால்கம் எக்ஸ், ஆலன் கின்ஸ்பெர்க், எல்ட்ரிட்ஜ் கிளீவர் எல்லாம் அதில் இருந்தார்கள். கடவுளைக் கேலி செய்கிறது, கெட்ட வார்த்தை இருக்கிறது, தேசத்தை இழிவுபடுத்துகிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஜூன் 27-ம் தேதி வாக்கெடுப்பு. கொட்டும் மழையில் ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எட்டுப் புத்தகங்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை 3-க்கு 2 என்ற கணக்கில் வாரியம் ஏற்றுக்கொண்டது.

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது கவுண்டியில் சுமார் 45,000 மாணவர்கள். ஐந்தில் ஒரு பங்கு வரவில்லை. ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் ஆதரவாக வேலைநிறுத்தம் செய்தார்கள். பாடப்புத்தகத்துக்காகச் சுரங்கம் நின்றது! அதற்கு முந்தைய வருடம்தான் தொடங்கியிருந்த ஹெரிட்டேஜ் பவுண்டேஷன் வாஷிங்டனிலிருந்து வக்கீலை அனுப்பியது. டெக்சாஸில் பாடப்புத்தகங்களில் குறை கண்டுபிடிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருந்த மெல், நார்மா கேப்ளர் தம்பதியும் வந்து சேர்ந்தார்கள். ஒரு ஊர்ச் சண்டையைத் தேசிய அரசியலாக மாற்றுவது எப்படி என்று அமெரிக்கப் பழமைவாதிகள் கற்றுக்கொண்ட இடங்களில் கனாவா முக்கியமானது. வெடிகுண்டு விவகாரத்தில் மார்வின் ஹொரன் என்ற போதகருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

இந்த மக்களைப் படிப்பறிவில்லாத மதவெறியர்கள் என்று அன்றைய பத்திரிகைகள் பல எழுதித் தள்ளின. அது நியாயம் இல்லை. வரி அவர்கள் கட்டியது, பிள்ளை அவர்கள் பெற்றது. நகரத்துப் படித்தவர்கள் கூடி முடிவெடுத்துவிட்டு, கேள்வி கேட்டால் "உங்களுக்குப் புரியாது" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபத்தில் பாதி புத்தகத்தின் மேல் இல்லை, அந்தத் தோரணையின் மேல்.

ஆனால் சண்டை நடந்த விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். "என் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் வேண்டாம்" என்பது ஒரு கோரிக்கை. "இந்தப் புத்தகம் கவுண்டியில் எந்தப் பிள்ளையின் கைக்கும் போகக் கூடாது" என்பது முற்றிலும் வேறு. இரண்டுக்கும் பெற்றோர் உரிமை என்றே பெயர் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். சார்ல்ஸ்டனில் கறுப்பினப் பெற்றோரும் இருந்தார்கள். கறுப்பின உரிமை அமைப்பின் உள்ளூர்க் கிளை புத்தகங்களை ஆதரித்தது. தங்கள் இனத்து எழுத்தாளர்களைத் தங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்க வேண்டும் என்று விரும்பியவர்களும் பெற்றோர்தானே? அவர்களுடைய உரிமையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொல்லும் பழமொழி நம்மிடம் உண்டு, ஊரார் பிள்ளையின் புத்தகத்தைப் பிடுங்கச் சொல்லும் பழமொழி இல்லை. 1925-ல் கன்னியாஸ்திரீகள் கேட்டது முதல் கோரிக்கை. 1974-ல் மலைக்கிராமத்தார் அதில் ஆரம்பித்து இரண்டாவதில் போய் நின்றார்கள்.

1974 நவம்பரில் வாரியம் பெரும்பாலான புத்தகங்களை வகுப்புக்குத் திருப்பிக் கொண்டு வந்தது. பெற்றோர் ஆட்சேபித்தால் அந்தப் பிள்ளையைப் படிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ரொம்பச் சர்ச்சையானவை நூலகத்துக்குப் போயின. முதல் கோரிக்கைக்கு இது போதுமான பதில். ஆனாலும் போராட்டம் அதோடு நிற்கவில்லை. 1975 ஜனவரியில் சார்ல்ஸ்டனில் எதிர்ப்பாளர்களுக்கு ஆதரவாக ஊர்வலம் வந்தது யார் என்றால்... அதே கு க்ளக்ஸ் கிளான். ஓரிகனில் பெற்றோர் உரிமைக்கு எதிராக நின்றவர்கள் இப்போது அதன் காவலர்கள்!

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1983-ல் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் குடும்பங்களுக்காக ஒரு சட்ட உதவிச் சங்கம் உருவானது. பத்தே வருடங்களில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்றானது. 2002-ல் வவுச்சர் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அனுமதி தந்தது. 2025-ல் மேரிலாண்டின் மாண்ட்கமரி கவுண்டிப் பெற்றோர், ஓரினச் சேர்க்கையாளர்கள் பற்றிய கதைப் புத்தகங்களை வாசிக்கும் வகுப்பிலிருந்து தங்கள் பிள்ளைகளை வெளியே எடுக்க அனுமதி கேட்டு 6-க்கு 3 என்று ஜெயித்தார்கள். தீர்ப்பு வந்த தேதி ஜூன் 27. கனாவா வாக்கெடுப்பு நடந்து அன்றைக்குச் சரியாக 51 வருடம்!

2025 தீர்ப்பு பெரிதும் சாய்ந்து நின்றது 1972-ம் வருடத்து வழக்கு ஒன்றின் மேல். விஸ்கான்சினில் ஆமிஷ் சமூகத்தைச் சேர்ந்த மூன்று தகப்பன்மார் எட்டாம் வகுப்போடு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கு 5 டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். அரசு என்ன சொல்கிறது, தகப்பன் என்ன சொல்கிறார் என்று பார்த்தோம், படிக்கப் போவது யாரோ அவர்களைக் கேட்டோமா? மூன்று பிள்ளைகளில் ஜோனாஸ் யோடரின் மகள் மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறி, மேல்நிலைப் பள்ளி தன் மதநம்பிக்கைக்கு ஒத்துவராது என்று சொல்லியிருந்தாள். அவள் தகப்பன் விஷயத்தில் மட்டும் டக்ளஸ் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டு பிள்ளைகளையும் யாரும் கேட்டிருக்கவில்லை.