1948: பள்ளத்துக்கு ஒரு வண்டி, வளைவுக்கு ஒரு வண்டி



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீடியோ காலில் வந்தான். ஐந்தாம் வகுப்பில் நோட்டின் பின்னட்டை முழுக்கக் கார் படமாக வரைந்து என்னிடம் திட்டு வாங்கியவன். இப்போது இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துக்குப் பக்கத்தில் வேலை.

"டீச்சர், வீட்ல ஏற்கனவே ஒரு கார் இருக்கு. நான் தினமும் ஆபீஸ் போக இன்னொண்ணு வாங்கணும். ரெண்டு பேர் உட்கார்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு விலைக்கு வருது. ஆனா வீட்ல அவங்களும் பிள்ளைங்களும் உசரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் பாதுகாப்புங்கிறாங்க. ஓட்டெடுப்பு நடத்துனோம். மூணுக்கு ஒண்ணுல தோத்துட்டேன். நீங்க சொல்லுங்க" என்றான்.

எனக்கு ஸ்கூட்டி தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் கேட்டவன் மாணவன். "ஒரு வாரம் டைம் குடுப்பா, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். படித்ததில் எனக்கே ஆச்சரியம். அவன் தேடும் பதிலில் பாதி, அவன் குடியிருக்கும் ஊரின் வரலாற்றிலேயே கிடக்கிறது.

கதை போரில் தொடங்குகிறது. 1940-ல் அமெரிக்க ராணுவம், மேடு பள்ளம் பார்க்காமல் ஓடும் சிறிய வண்டி வேண்டும் என்று 135 கம்பெனிகளிடம் கேட்டது. பாண்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாளில் ஒரு மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் அதைப் பெருமளவில் செய்தன. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல். நாம் சொல்கிற "ஜீப்" அதுதான்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்று, பிரிட்டனில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸிடம் வந்து சேர்ந்தது. வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் அதை உழைக்கவிட்டார். இது கெட்டுப்போனால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. நாமே செய்தால் என்ன என்று யோசித்தார். அப்படிப் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை உலகுக்குக் காட்டினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில், லண்டன் கண்காட்சியில் ஜாகுவார் கம்பெனி எக்ஸ்கே 120 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வைத்தது. மணிக்கு 120 மைல், அதாவது சுமார் 193 கிலோமீட்டர் வேகம் போகும் என்பதால் அந்தப் பெயர். அதன் இன்ஜின் பிறந்த விதம்தான் என் மனதில் நின்றது. போர்க்காலத்தில் கவென்ட்ரி மீது குண்டு விழுந்த நாட்களில், தொழிற்சாலையில் தீப்பிடித்தால் அணைக்க ஆட்கள் முறை வைத்து இரவெல்லாம் விழித்திருப்பார்கள். முதலாளி வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்களும் அப்படி விழித்திருந்த இரவுகளில், போர் முடிந்தபின் என்ன இன்ஜின் செய்யலாம் என்று பேசிப் பேசித் திட்டம் போட்டார்கள். தலைக்கு மேல் குண்டு விழும்போதும் மனிதனுக்கு அழகான ஒன்றைச் செய்யத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே, ஜூன் மாதம், ஆஸ்திரியாவில் கிமுண்ட் என்ற சிற்றூரில் பழைய மரம் அறுக்கும் மில் ஒன்றில், ஃபெரி போர்ஷே தன் குடும்பப் பெயரில் முதல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து முடித்தார். எடை 585 கிலோ மட்டுமே. சாதாரண ஃபோக்ஸ்வாகன் காரின் இன்ஜினைக் கொஞ்சம் சீர்செய்து பொருத்தியிருந்தார். அவருடைய அப்பா ஃபெர்டினான்ட் போர்ஷே, போரில் ஜெர்மன் ராணுவத்துக்காகக் கரடுமுரடான வழியில் ஓடும் வண்டியை வடிவமைத்தவர். அப்பா பள்ளத்துக்கு வண்டி செய்தார், மகன் வளைவுக்குச் செய்தார்.

இப்போது ஒரு கேள்வி. லேண்ட் ரோவர், ஜாகுவார், போர்ஷே மூன்றும் முதலில் எந்த உலோகத்தில் உடல் கட்டப்பட்டன? மூன்றுமே அலுமினியம்! பிரிட்டனில் அன்று இரும்புக்குக் கட்டுப்பாடு. ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் தாராளமாகக் கிடைக்கும். அதனால் லேண்ட் ரோவருக்கு அலுமினியக் கலவைத் தகடு. ஜாகுவாரும் முதல் சுமார் 240 கார்கள் வரை அலுமினியத்தில் செய்துவிட்டுத்தான் இரும்புக்கு மாறியது. கிமுண்டில் தகட்டைக் கையாலேயே தட்டித் தட்டி வளைத்தார்கள். ஆக, எதிரெதிர் ஜாதி என்று நாம் நினைக்கும் இந்த இரண்டு வகையும் ஒரே பஞ்ச காலத்துப் பிள்ளைகள்.

ஆனால் இரண்டுக்கும் குணம் வேறு. ஏன் என்பதை நம் பெண்கள் குடம் சுமப்பதை வைத்தே சொல்லலாம். இடுப்பில் குடத்தோடு சட்டென்று திரும்பலாம். தலையில் குடத்தோடு மெதுவாகத்தான் திரும்ப முடியும். ஸ்போர்ட்ஸ் காரின் எடை தரையை ஒட்டி இருப்பதால் ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே வண்டி திரும்பும். அதை ரசிக்க 150-ல் போக வேண்டியதில்லை, 50-லேயே தெரியும். ஆனால் வேகத்தடையில் அடி உரசும், பள்ளம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் வந்து சேரும். ஜீப் வகை வண்டி தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். நான்கு சக்கரமும் இழுக்கும். சேற்றுக்கும் ஏற்றத்துக்கும் தனியாக ஒரு கூடுதல் கியர் தொகுதி உண்டு. ஆள் நடக்கிற வேகத்தில் பெரிய ஏற்றத்தை ஏறிவிடும். வளைவில் மட்டும் தலைக்குடம் போல ஆடும்.

ஜீப்பின் அருமை எனக்கு அனுபவத்தில் தெரியும். என் முதல் பணியிடம் ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர். மழை பெய்தால் பஸ் வராது. ஒரு ராத்திரி, எனக்குச் சோறு போட்ட வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி. ஒரு பழைய ஜீப்பில் பாய் விரித்துப் படுக்க வைத்து, நானும் கூட உட்கார்ந்து, சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து கீழே கொண்டுவந்து சேர்த்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளை பின்னாளில் என்னிடமே ஒன்றாம் வகுப்பு படித்தாள். ஆகவே அந்த வண்டியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, சமவெளியில், நல்ல தார் ரோட்டுப் பள்ளி. சாயங்காலம் கேட்டில் நிற்கிறேன். உயரமான ஜீப் மாதிரி வண்டி ஒன்று, மகனைக் கூட்டிப்போக வந்து நின்றது. அதன் முன்னால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று விழுந்த செருப்பை எடுக்கக் குனிந்தது. வண்டி நகர ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் பானெட்டில் ஓங்கி அடித்தேன். ஓட்டி வந்தவர் இறங்கி, குழந்தையைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். "சத்தியமா தெரியல டீச்சர்" என்று அழுதார். அவர் பொய் சொல்லவில்லை. அவ்வளவு உயர பானெட்டுக்கு முன்னால் இரண்டரை அடிப் பிள்ளை தெரியாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1948-க்குப் பிறகு என்ன ஆயிற்று? உயரமான வண்டிகள் வயலையும் மலையையும் விட்டு ஊருக்குள் வந்துவிட்டன. ஸ்போர்ட்ஸ் காருக்கே பேர்போன போர்ஷே 2002-ல் கயென் என்ற உயர வண்டியைக் கொண்டுவந்தது. ஜாகுவாரும் பின்னாளில் அதே வழிக்குப் போனது. ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் 2008-ல் ஃபோர்டிடமிருந்து நம் டாடா வாங்கியது. அண்ணன் தம்பி போல இன்று ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எடையும் ஏறிவிட்டது. இன்றைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2 டன்னுக்கு மேல். கயிற்றுக்கட்டிலில் பிறந்த பிள்ளை, தேக்குக் கட்டிலில் பெருத்துப்போன கதைதான்.

சரி, என் மாணவனுக்கு என் பதில். தம்பி, நீ தினமும் தனியாகப் போகிறாய். உன் ரோடு தார் ரோடு. மலைச் சேறு உனக்கு இல்லை. அந்தச் சின்ன வண்டியை வாங்கிக்கொள், வளைவை ரசி, வேகத்தை ரசிக்காதே. தாழ்வான வண்டி லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறக்காதே. வீட்டில் சொல்வதையும் கேள். பாதுகாப்பு என்று அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் உள்ளே இருப்பவருக்கு மட்டுமா, முன்னால் குனிந்திருக்கும் பிள்ளைக்கும் சேர்த்தா என்று நான்கு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டு, மறுபடி ஓட்டெடுங்கள். அப்புறமும் உயர வண்டிதான் என்று முடிவானால் மறுப்பில்லை. தினமும் ஏறுவதற்கு முன் முன்பக்கமாக ஒருமுறை சுற்றி வந்து ஏறு.

என்னிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று உயரமான வண்டி வைத்திருக்கிறீர்கள். கடைசி வரி உங்களுக்கும்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்