சேற்றில் பிறந்த வழக்கு

1788. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பழுதடைந்து கிடந்த ஒரு பாலத்தால் சரக்கு வண்டி ஒன்று சேதமடைந்தது. பாலத்தைப் பழுதுபார்ப்பது மாவட்டத்து மக்களின் கடமை என்று சட்டம் சொன்னது. ஆனால் யார் மேல் வழக்குப் போடுவது? அன்றைய மாவட்டத்துக்கு மன்றமும் இல்லை, கல்லாப்பெட்டியும் இல்லை. வண்டிச் சொந்தக்காரர் ரஸ்ஸல் துணிந்து ஒரு காரியம் செய்தார். டெவனில் குடியிருந்த ஆடவர் அத்தனை பேரையும் பிரதிவாதியாக்கிவிட்டார்!

தலைமை நீதிபதி கென்யன் பிரபு அசைந்து கொடுக்கவில்லை. இதை அனுமதித்தால் வழக்குகளுக்கு முடிவே இராது, நஷ்ட ஈடு கொடுக்கப் பொது நிதியும் கிடையாது என்றார். கூட அமர்ந்திருந்த ஆஷ்ஹர்ஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஊருக்கே தொல்லை வருவதைவிட ஒருவர் நஷ்டப்படுவது மேல் என்பது அவர் கருத்து. அந்த ஒருவரின் இடத்தில் நின்று பார்த்தால் இது எவ்வளவு கொடுமை! ரஸ்ஸல் வெறுங்கையோடு திரும்பினார். பொது அமைப்புகளைக் கோர்ட்டுக்கு இழுக்கும் வழி ஏறக்குறைய அடைபட்டுப்போனது. அதைத் திறந்துவிட வந்தது பறவை எச்சம்.

பெரு நாட்டிலிருந்து வெட்டி எடுத்த பறவை எச்சம் அந்தக் காலத்தில் ஐரோப்பிய வயல்களின் உயர்ந்த உரம். லண்டன் வணிகர்களான கிப்ஸ் குடும்பம் அதில்தான் பெரும் செல்வம் சேர்த்தது. அவர்களுடைய சரக்கோடு லிவர்பூல் வந்த ‘சியெரா நெவாடா’ என்ற கப்பல், துறைமுக வாயிலில் குவிந்து கிடந்த சேற்றுத் திட்டில் மோதியது. கப்பலும் சரக்கும் நாசம். சரக்குக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். துறைமுக வாரியத்தின் பதில் தயாராக இருந்தது: கட்டணம் வாங்குகிறோம், லாபம் எடுப்பதில்லை, பொதுப்பணி செய்கிறவர்களிடம் நஷ்ட ஈடு கேட்பது முறையா?

வழக்கு பிரபுக்கள் சபை வரை ஏறியது. சபை நீதிபதிகளை அழைத்து ஆலோசனை கேட்டது. அவர்கள் சார்பில் பதில் எழுதிய பிளாக்பர்ன், லாபமா இல்லையா என்ற கேள்வியையே ஓரங்கட்டினார். கப்பல்கள் வந்துபோகத் துறையைத் திறந்து வைத்துக் கட்டணமும் வாங்கினால், வாயில் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் கவனம் தனியார் முதலாளிக்கு எவ்வளவோ அவ்வளவு பொது வாரியத்துக்கும் வேண்டும் என்றார். 1866-இல் சபை அதை ஏற்றது. சேறு ஜெயித்தது. ஆனால் தோற்றவர்களிடம் வேறொரு ஆயுதம் இருந்தது.

காலக்கெடுதான் அந்த ஆயுதம். பல சட்டங்களில் சிதறிக் கிடந்த சலுகைகளை ஒன்றுதிரட்டி, 1893-இல் பொது அதிகார அமைப்புகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வழக்கு 6 மாதத்துக்குள் போட்டாக வேண்டும். போட்டுத் தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தலையில் விழும். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு 6 மாதம் எந்த மூலைக்கு? சட்டம் இங்கிலாந்திலேயே வெறுப்பைச் சம்பாதித்தது. 1954-இல் அதைத் தூக்கி எறிந்தார்கள். அதற்குள் அதன் வாரிசு ஒன்று கடல் கடந்து குடியேறியிருந்தது.

1948. மலாயாக் கூட்டமைப்பு உருவான ஆண்டு, அவசரகாலம் பிறந்த ஆண்டும் அதுவே. அதே ஆண்டில் இங்கேயும் அதே பெயரில் ஒரு சட்டம் எழுதப்பட்டது. தாய்நாட்டில் தாய்ச் சட்டம் செத்த பின்னும் இது சாகவில்லை. இன்று மலேசியச் சட்டப் புத்தகத்தில் அதன் எண் 198. அது தரும் கெடு 36 மாதம்.

பெக்கோக் கடைத்தெருவில் மூடி உடைந்த கால்வாயில் ஒருவர் விழுந்தால், வழக்கு போவது லாபிஸ் மாவட்ட மன்றத்தின் மேல். விழுந்த இடம் தனியாருடையது என்றால் வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம். ஊராட்சி மன்றத்தின் கால்வாய் என்றால் அதில் பாதி, 3 ஆண்டு. மன்றத்தின் ஒரு முடிவை எதிர்த்து நீதிப் பரிசீலனை கேட்பதானால் இன்னும் மோசம்: 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தின் அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். கெடுவுக்குள் வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தவர்களுக்கு ஒரு பேரிடி காத்திருந்தது.

1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். நின்றுகொண்டிருந்த மற்ற இரண்டு கட்டடங்களிலும் இனி யாரும் வாழ முடியாது. வீட்டை இழந்தவர்கள் மேம்பாட்டாளர் தொடங்கி அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் வரை வழக்குத் தொடுத்தார்கள். 2000-இல் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், கழகத்தின் பங்கு 15 விழுக்காடு என்று தீர்ப்பளித்தார். கழகம் விடவில்லை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 95(2) என்ற பிரிவைக் கவசமாகப் பிடித்துக்கொண்டு மேலே போனது.

2006 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் கழகத்தை முழுவதும் விடுவித்தது. நீதிபதி அப்துல் ஹமிட் முகமட் கூறிய காரணங்களில் ஒன்று, ஊராட்சி மன்றத்தின் பணம் முதலில் பொதுமக்களின் அடிப்படைத் தேவைகளுக்கு வேண்டும் என்பது. நடுவில் 218 ஆண்டுகள் ஓடியிருந்தும் ஆஷ்ஹர்ஸ்டின் குரலே அதில் கேட்கிறது. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டே வீட்டை இழந்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க முடியாது. எனக்கும் படவில்லை.

ஆனாலும் அந்தக் கவசம் கட்டட வேலைகள், அவற்றுக்குத் தந்த அனுமதி, செய்த பரிசோதனை ஆகியவற்றைச் சுற்றித்தான் நெய்யப்பட்டது. மூடி இல்லாத கால்வாயும் குழி விழுந்த நடைபாதையும் வேறு கணக்கு. அங்கே லிவர்பூல் சேற்றின் நியாயம் இன்னும் செல்லும். விழுந்த நாளின் போலீஸ் ரிப்போர்ட், மருத்துவமனைச் சீட்டு, உடைந்த மூடியின் படம், மூன்றிலும் தேதி தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதான் வக்கீல் 36 மாதத்தை எண்ணத் தொடங்குவார்.