ஓய்மாநாட்டுக் கழிக்கரை: கழுவெளியும் அதன் வரலாற்றுச் சுவடுகளும்

தமிழ்ச் சமணரின் தலயாத்திரை பெரும்பாலும் மலைகளை நோக்கியே அமைகிறது. திருநாதர்குன்று, திருநறுங்கொண்டை, திருமலை, பொன்னூர்மலை என்று நாம் வணங்கச் செல்லும் தலங்கள் பலவும் பாறையும் குகையும் கொண்டவை. கல்லில் செதுக்கியது நெடுங்காலம் நிற்கும் என்பதால் நம் வரலாற்றையும் மலைகளிலேயே தேடிப் பழகிவிட்டோம். ஆயினும் திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் செல்லும் சாலையில் பயணம் செய்வோருக்கு, மலைகள் மறைந்து நீர்ப்பரப்பு விரியும் வேறொரு பழம்பூமி காத்திருக்கிறது. அதுவே கழுவெளி.

வங்கக் கடலோரத்தை ஒட்டிய இப்பெரும் சதுப்பு நிலம், வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் இயல்புடையது. திண்டிவனம், வானூர்ப் பகுதிகளின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் ஓடைகள் வழியே இங்கு வந்து சேர்கிறது. வடகிழக்கே எடையன்திட்டுக் கழிமுகம் இதனைக் கடலோடு இணைக்கிறது. எனவே ஒருபால் நன்னீரும், ஒருபால் உவர்நீரும், இடையே இரண்டும் கலந்த நீருமாக இந்நிலம் அமைந்துள்ளது. நீரின் தன்மை மாறுபடுவதால் அதில் வாழும் உயிர்களும் பலவகைப்படுகின்றன. தமிழக அரசு 2021ஆம் ஆண்டு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

இக்கரையின் வரலாறு சங்க காலத்திலேயே தொடங்குகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அதனை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கழிகளுக்கு இடைப்பட்ட நாடு என்று பொருள்தரும் அப்பெயர் இன்றும் இப்பகுதிப் பேரூராட்சி ஒன்றின் பெயராக வழங்கி வருகிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமையை ஒட்டிய ஓர் ஊர்ப்பெயர் வழக்கொழியாமல் நிற்பது வியப்பிற்குரியது.

அந்நூல் குறிப்பிடும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. கிடங்கில் என்பது இன்று திண்டிவனத்தோடு ஒன்றியிருக்கும் ஊர். வேலூர் என்று அந்நூல் சுட்டுவதை உப்புவேலூராகக் கொள்வர். நம் ஜினாலயம் அமைந்த உப்புவேலூர் தன் பெயரிலேயே உப்பைத் தாங்கி நிற்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாணர் நடந்த வழியும் நம் குடும்பங்கள் வாழும் ஊர்களும் ஒரே நிலத்தின் பகுதிகளே. மரக்காணத்தில் சோழர் காலப் பூமீசுவரர் ஆலயமும் அதன் கல்வெட்டுகளும் இக்கரையின் இடைக்காலச் சிறப்பிற்குச் சான்றாகின்றன. ஊரைச் சூழ்ந்த உப்பளங்களில் இன்றும் வெயிற்காலமெல்லாம் உப்பு விளைகிறது.

இதே கடற்கரையில் தெற்கே சென்றால் கடலூரை அடைகிறோம். அதனைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரே பழைய பாடலிகா என்பர். அங்கு சர்வநந்தி முனிவர் பிராகிருத மொழியில் உலக அமைப்பை விளக்கும் லோகவிபாகம் என்னும் நூலைச் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், நிறைவு செய்தார். காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு அது என்று நூல் குறிப்பதால், பல்லவர் காலக்கணக்கை வரையறுக்க வரலாற்றாசிரியர்க்கு இதுவே உறுதியான ஆதாரமாயிற்று. மூலநூல் இன்று கிடைக்கவில்லை. சிம்மசூரி செய்த வடமொழி ஆக்கமே நம் கையில் உள்ளது. ஜம்புத்வீபத்தைச் சூழ்ந்திருப்பது லவண சமுத்திரம், அதாவது உப்புக்கடல், என்பது நம் ஆகம மரபு. அவ்வுலக அமைப்பை எழுதிய முனிவர் வாழ்ந்ததும் உப்புக்காற்று வீசிய ஒரு கரையோர ஊரே. ஆகவே கடற்கரையும் நம் அறிவு வரலாற்றின் ஓர் உறைவிடம் என்பதில் ஐயமில்லை.

மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்துக் கடலும் கழியும் கூடும் இடத்தில் ஆலம்பரைக் கோட்டை சிதைந்து நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி கான் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்ட கோட்டை இது. 1750இல் முசபர் ஜங் இதனைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு அளித்தார். நாணயச்சாலையும் துறைமுகமுமாக விளங்கிய இதனை 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். எஞ்சிய மதில்களை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மேலும் சிதைத்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டே பயன்பட்ட அக்கோட்டையின் சுவர்களைத் தொட்டுக்கொண்டு அதே கழிநீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பொருளின் நிலையாமையை விளக்க நம் பெரியோர் எடுத்துக்காட்டுகளைத் தேடியதுண்டு. அவற்றுள் இதனையும் சேர்க்கலாம்.

கழுவெளிக்குச் செல்லத் தகுந்த காலம் மழைக்குப் பிந்தைய மாதங்கள். இதில் நமக்கென ஒரு பொருத்தமும் உண்டு. மழைக்காலத்தில் மண்ணெங்கும் சிற்றுயிர்கள் பெருகுவதால், அவற்றை மிதித்து ஊறு செய்யாதிருக்க நம் முனிவர் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாசியம் நோற்கின்றனர். வர்த்தமானர் வீடுபேறு அடைந்த தீபாவளியை ஒட்டி அந்நோன்பு நிறைவுற்று, அவர்தம் நடைப்பயணம் மீண்டும் தொடங்கும். அந்நாள்களிலேயே வடபுலத்திலிருந்து மத்திய ஆசிய வான்வழியே வரும் பறவைகள் கழுவெளியில் வந்து இறங்கத் தொடங்கும். பூநாரைகளும் கூழைக்கடாக்களும் உள்ளான்களும் வாத்தினங்களும் சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் இரை தேடுவதைக் கரையில் நின்று காணலாம். அவற்றுக்கு உணவு தருவது நீரில் கண்ணுக்குத் தெரியாமல் பெருகிய சிற்றுயிர் உலகமே.

நீரை வடிகட்டிப் பருகுவதும், இரவுணவு தவிர்ப்பதும், நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உள்ளன என்று நம்புவதும் நம் மரபு. இத்தகைய மரபினர்க்குச் சதுப்பு நிலம் வெறும் தரிசாகத் தோன்றலாகாது. ஆனால் பயனற்ற வெளி என்று கருதப்பட்டதாலேயே கழுவெளி ஆக்கிரமிப்புக்கும் வேட்டைக்கும் இறால் பண்ணைகளுக்கும் பலகாலம் இடம்கொடுத்தது. சரணாலய அறிவிப்பு சட்டத்தின் காவலைத் தந்துள்ளது. எஞ்சிய காவல் நீர் வரும் வழியில் உள்ள ஊர்களின் கையில் இருக்கிறது. உழவைத் தொழிலாகக் கொண்ட நம் குடும்பங்கள் இப்பகுதியில் வாழ்கின்றன. நம் ஏரிக்கால்வாய் தூர்ந்தால் கழுவெளிக்கு நீர் குறையும். நம் வயலில் தெளிக்கும் நஞ்சு மழைநீரோடு அங்கே சென்று தேங்கும். கொல்லாமை என்பது தட்டில் இடும் உணவோடு முடிந்துவிடுவதன்று. வாய்க்கால் வழியாகவும் அது செல்ல வேண்டும்.

மேல்சித்தாமூர் மடத்திற்கும் சுற்றியுள்ள ஜினாலயங்களுக்கும் வரும் அன்பர்கள், மேலும் ஒரு நாளை இக்கரைக்காக ஒதுக்குவது நன்று. காலையில் கழுவெளி, பிற்பகலில் பூமீசுவரர் ஆலயமும் ஆலம்பரைக் கோட்டையும் என அமைத்துக்கொள்ளலாம். பறவைகள் இளைப்பாறும் இடத்தை நெருங்காமலும், ஒலி எழுப்பாமலும், நெகிழிப் பைகளை விட்டுச் செல்லாமலும் இருத்தல் வேண்டும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் உங்கள் ஊர் ஏரியின் உபரிநீர் எவ்வழியே செல்கிறது என்பதை அவர்களுக்குக் காட்டுங்கள்.