சிவப்பு அட்டைக்காரர்கள்



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் இப்போதெல்லாம் விசா பற்றித்தான் பேசுகிறீர்கள். விதியை மாற்றிவிட்டார்கள், புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை, பதினைந்து வருடம் இருந்தவனுக்கே இந்தக் கதியா என்று கேட்கிறீர்கள். நான் வரலாறு நடத்தியவன். எனக்கு இதைக் கேட்டால் 1969 மலேசியாதான் நினைவுக்கு வரும். பர்மாவிலிருந்து வந்தவர்களைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இலங்கை மலையகம் பற்றியும் ஓரளவு தெரியும், அதைத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன். மலேசியாவிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. சத்தமில்லாமல் வந்தார்கள், சத்தமில்லாமல் கலந்துவிட்டார்கள்.

முதலில் அவர்கள் போன விதத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் மலேயாவுக்குப் போக பாஸ்போர்ட், விசா என்ற பேச்சே தொழிலாளிக்கு இல்லை. இங்கேயும் அவன் ஆட்சி, அங்கேயும் அவன் ஆட்சி. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம் இருந்தது. 1907-ல் ஏற்படுத்தப்பட்ட ஒரு நிதியிலிருந்து கப்பல் கட்டணத்தைக் கொடுத்துவிடுவார்கள். பினாங்கில் இறங்கினால் பால்மரத் தோட்டம், லயத்தில் ஓர் அறை. எத்தனை வருடம் இருக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை.

கதவு ஒரே நாளில் மூடவில்லை. 1938-ல் தோட்டங்களில் கூலியைக் குறைத்தபோது, இந்திய அரசே உதவி பெற்றுப் போகும் கூலியாட்களின் பயணத்தை நிறுத்தியது. 1948-ல் மலேயாவில் கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒட்டி அவசரநிலை வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுத்தார்கள். 1953-ல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் புதிதாகப் போய் இறங்குவது மிகவும் கடினம். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் ஊருக்கு வந்து திரும்ப வேண்டுமானால் மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏற வேண்டும். அதை வாங்காமல் வந்தாலும், அதன் கெடு தாண்டிப் போனாலும், அங்கே கழித்த வருடங்கள் கணக்கில் வராது.

1957 ஆகஸ்டு 31-ல் மலேயா சுதந்திரம் பெற்றது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. அன்றைய விதிப்படி, அந்த நாளிலிருந்து அந்த மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். அதற்கு முன் பிறந்தவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் ஆகியோரில் ஏற்கெனவே குடியுரிமை பெறாதவர்கள் விண்ணப்பித்து வாங்க வேண்டும். இந்தியாவில் பிறந்து அங்கே குடியேறியவர் என்றால், கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளாவது அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். மலாய் மொழியும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழித் தகுதியில் சிலருக்குச் சலுகையும் இருந்தது.

நிபந்தனை கடுமையானது என்று சொல்ல மாட்டேன். புதிதாகப் பிறந்த ஒரு நாடு வேறு எப்படிக் கேட்கும்? ஆனால் கேட்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள். பிறந்த தேதிக்கே சான்று கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, உயிர் மட்டும் மிஞ்சித் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும், பிரிந்திருந்த குடும்பத்தைப் பார்க்க ஊருக்கு வந்து வருடக்கணக்கில் தங்கித் திரும்பியவர்களும் உண்டு. பன்னிரண்டில் எட்டு என்ற கணக்கு அவர்களுக்கு அங்கேயே இடித்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. விண்ணப்பித்தாக வேண்டும் என்ற அவசரமே அப்போது யாருக்கும் இல்லை. குடிமகனுக்கு நீல அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குச் சிவப்பு அட்டை. இரண்டு பேருக்கும் ஒரே கூலி, ஒரே லயம், விடியற்காலையில் ஒரே பெரட்டு. சிவப்பு அட்டைக்காரருக்கு ஓட்டு மட்டும்தான் இல்லை. ஊரில் கால் காணி நிலம் வாங்கி வயதான காலத்தில் திரும்பிவிடலாம் என்று மனதில் வைத்திருந்தவருக்கு ஓட்டு எதற்கு? ம.இ.கா.வும் தொழிற்சங்கமும் எடுத்துச் சொல்லத்தான் செய்தன. சொன்னது எல்லா லயத்துக்கும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போய் வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்?

பதினோரு ஆண்டுகள் அப்படியே ஓடின.

1968-ல் மலேசிய நாடாளுமன்றம் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க வேண்டுமானால் பெர்மிட் வாங்க வேண்டும். குடிமக்களிடையே வேலையில்லாத் திண்டாட்டம் இருந்தது, வேலை முதலில் அவர்களுக்கே என்றார்கள். 1969 மே 13-ல் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் ஆட்சி நடத்தியது. அந்தச் சூழலில்தான் பெர்மிட் விதி இறுகியது.

அது வரை ஓட்டைத் தவிர வேறு வித்தியாசம் காட்டாத சிவப்பு நிறத்துக்கு அன்றுதான் அர்த்தம் வந்தது. முப்பது வருடம் அதே நிரையில் மரம் சீவியவர், தன் மரத்தைத் தொடவே கெடு வைத்த ஒரு சீட்டைக் கேட்டு நிற்க வேண்டும். அது முடிந்தால் மறுபடி கேட்க வேண்டும். கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. ஒரே வீட்டில் 1957-க்குப் பின் பிறந்த பிள்ளை குடிமகன், அவனைப் பெற்ற அப்பா வேலைக்கு அனுமதி கேட்கும் வெளியாள். யாரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றவில்லை என்பது உண்மைதான். வேலை இல்லை, வேலையோடு வந்த லயமும் இல்லை என்றால் ஒரு மனிதர் எங்கே போவார்?

சுமார் 60,000 பேர் இந்தியா திரும்பினார்கள். சேமநிதியில் இருந்ததை வாங்கிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பல் ஏறியவர்கள் அவர்கள். 'ரஜூலா'வை நாகை, தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தாத்தா போன கப்பலிலேயே பேரன் வந்து இறங்கிய குடும்பங்கள் உண்டு.

1970-ல் நான் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்து மாதக்கணக்கில் ஆன பிறகு இரண்டு பையன்கள் வந்து சேர்ந்தார்கள். நல்ல தமிழ் பேசுவார்கள், ஆனால் விளையாட்டில் எண்ணும்போது மட்டும் "சத்து, டுவா, தீகா" என்று மலாயில் எண்ணுவார்கள். நாங்கள் சிரிப்போம். அவர்கள் அப்பா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்தார், ஓடவில்லை. விவசாய வேலை அவருக்குப் பழக்கமில்லை, பால்மரம் இங்கே இல்லை. ஊரில் அவரை "மலேயாக்காரர்" என்றுதான் கடைசி வரை சொன்னார்கள்.

இதில் என்னால் ஏற்க முடியாதது ஒன்றுதான். தன் குடிமக்களுக்கு முதலில் வேலை என்று ஒரு நாடு சொல்லலாம், அது அதன் உரிமை. போன மாதம் வந்தவரையும் முப்பது வருடம் காட்டை அழித்து மரம் வளர்த்தவரையும் ஒரே சீட்டால் அளந்ததுதான் தவறு. வேடிக்கை என்னவென்றால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை வந்துவிட்டது. 1984-ல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்ப இந்தோனேசியாவோடு மேடான் நகரில் ஒப்பந்தமே போட்டார்கள். வேலை தெரிந்த கைகள் அப்போது பட்டுக்கோட்டையிலும் திருச்சியிலும் சும்மா கிடந்தன.

போகாமல் தங்கியவர்களின் கதையும் சீக்கிரம் முடியவில்லை. சிவப்பு அட்டையோடு பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2018-ல் பிரதமர் மகாதீர், 60 வயது கடந்த, மலாய் பேசத் தெரிந்த இந்திய வம்சாவளியினர் 3,400-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அறிவித்தார். வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 1957-க்கு முன் பிறந்தவர்கள்.

நம் உறவில் மலேயா போய் வந்த குடும்பங்கள் குறைந்தது நான்கு எனக்குத் தெரியும். மாணவர்கள் வீட்டிலும் இருக்கும். பழைய பெட்டியில் சிவப்பு அட்டையோ, கப்பல் சீட்டோ, பெர்மிட்டோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து மனிதர் வீட்டில் இருந்தால், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதை எனக்குத் தனியாக அனுப்புங்கள். அட்டை எண் தெரிகிற படத்தைப் பொதுவில் போட வேண்டாம்.